பூப்பறிக்க, மடை மாற்ற ஒரு ஹெட்லைட்: பெட்டியில் உள்ள எண்ணை நம்பலாமா?

விடியும் முன் மல்லி பறிக்கவும், ராத்திரி மும்முனை கரண்ட் வந்ததும் மடை மாற்றப் போகவும் வீட்டுக்கு ஒரு ஹெட்லைட் (நெற்றியில் மாட்டும் விளக்கு) தேவைப்பட்டது. எந்தப் பெட்டியைத் திருப்பினாலும் மிரட்டும் எண்கள். அவற்றைச் சலித்து எடுத்த முறை இது.

படி 1: வெளிச்சம் எங்கே விழ வேண்டும்?

பூப்பறிக்கக் கைக்கெட்டும் தூரம் தெரிந்தால் போதும். 100 லூமனே (விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு) தாராளம், ஆனால் பரந்து விழ வேண்டும். வரப்பில் நடக்க 200 லூமன், நடுவில் கொஞ்சம் குவிந்த ஒளி. பெட்டியில் கேண்டலா (ஒரு திசையில் ஒளி எவ்வளவு குவிகிறது என்ற அளவு) போட்டிருந்தால் அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள், வெளிச்சம் எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். 2500 கேண்டலா என்றால் 100 மீட்டர். அந்தத் தூரத்தில் விழுவது 0.25 லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் ஒளியின் அளவு), அதாவது ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம்தான். பாம்பைப் பார்க்க அதில் பாதித் தூரத்தைக்கூட நான் நம்பமாட்டேன்.

முன்னால் இழுத்துக் குவிக்கும் ஜூம் வகை வேண்டவே வேண்டாம். குவித்தால் வெளிச்சத்தில் பெரும்பகுதி உள்ளேயே வீணாகும், இழுக்கும் இடுக்கு வழியாகத் தண்ணீரும் இறங்கும்.

படி 2: கணக்குப் போடுங்கள்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். நல்ல ஹெட்லைட்டுகளில் பெரும்பாலும் 18650 என்ற சார்ஜ் ஏற்றும் லித்தியம் செல் இருக்கும் (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம்). சாம்சங், எல்ஜி போன்றவர்களின் நல்ல செல்லே 3500 எம்ஏஎச்சை (மில்லி ஆம்பியர்-மணி, செல்லின் கொள்ளளவு) ஒட்டித்தான் நிற்கிறது. 9900 என்று அச்சடித்திருந்தால் யோசிக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

3.5 ஆம்பியர்-மணியை 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட்-மணி. ஒரு வாட்டுக்கு 100 லூமன் என்று வைத்தால் மொத்தக் கையிருப்பு 1260 லூமன்-மணி. 200 லூமனில் ஆறு மணி நேரம் எரியும், 1000 லூமனில் ஒரு மணி நேரம் சொச்சம். அப்புறம் எப்படி '1000 லூமன், 20 மணி நேரம்' என்று போடுகிறார்கள்?

எஃப்எல்1 என்ற அளவீட்டு முறைப்படி, லூமனை அளப்பது விளக்கைப் போட்ட அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்குள். எரியும் நேரத்தையோ வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எண்ணலாம். சூடு ஏறியதும் விளக்கு தானே ஒளியைக் குறைத்துக்கொண்டு, மீதி ராத்திரியை மங்கலாக ஓட்டிவிடும். இரண்டு எண்ணும் பொய்யில்லை, ஆனால் சேர்ந்து கிடைக்காது. எஃப்எல்1 குறியே இல்லாத பெட்டியில் அந்த அளவு நேர்மைகூட இருக்காது.

படி 3: டிரைவர்

செல் 4.2 வோல்ட்டில் தொடங்கி மெல்ல இறங்கும். மலிவு விளக்கில் ஒரு ரெசிஸ்டர் மட்டும் இருப்பதால் செல்லோடு வெளிச்சமும் இறங்கும். மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் டிரைவர் (உள்ளே இருக்கும் சின்ன மின்சுற்று) உள்ளதாகப் பாருங்கள். விளக்கைக் குறைந்த ஒளியில் வைத்து, எதிரே விரல்களை வேகமாக ஆட்டுங்கள். விரல்கள் துண்டு துண்டாகத் தெரிந்தால் விளக்கு மினுங்குகிறது, கண் சீக்கிரம் களைத்துவிடும்.

படி 4: நிறம்

வெள்ளை எல்இடி என்பது நீலச் சிப்பின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு. நீலம் தூக்கலான 6500 கெல்வினில் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) லூமன் எண் கூடும், காய்ந்த சருகில் கிடக்கும் பழுப்புப் பாம்பு சருகோடு சருகாகிவிடும். என் ஓட்டு 4000–5000 கெல்வின், சிஆர்ஐ (பொருள்களின் நிறம் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதற்கு நூற்றுக்கு மதிப்பெண்) 90-க்கு மேல். லூமன் குறைந்தால் குறையட்டும்.

தண்ணீருக்கு, அது புகாத தரத்தைச் சொல்லும் குறியைப் பாருங்கள்: மழைத்தூறலுக்கு ஐபிஎக்ஸ்4, வாய்க்காலில் விழும் என்றால் ஐபிஎக்ஸ்7.

நான் வாங்கச் சொல்வது, செல்லைக் கழற்றக்கூடிய, கிளிப் வைத்த எல் வடிவ விளக்கு. பனிமூட்டத்தில் நெற்றி விளக்கின் ஒளி கண்ணுக்கே திரும்பி அடிக்கும், அப்போது கழற்றி இடுப்பில் மாட்டலாம். சிவப்பு விளக்கும் இருந்தால் பூச்சிகள் முகத்தில் மொய்ப்பது குறையும்.

பின்சேர்க்கை: புது விளக்கு சார்ஜ் ஏறவில்லை என்று சிலர் கேட்டார்கள். டைப்-சி துளை இருந்தும், இரு முனையும் டைப்-சி ஆன கேபிளில் சில விளக்குகள் ஏறாது. உள்ளே போட வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டர்களை மிச்சம் பிடித்திருப்பார்கள். ஒரு முனை பழைய அகல யூஎஸ்பி உள்ள கேபிளைப் போட்டுப் பாருங்கள், ஏறும்.