ஸ்டக் ஆகிற கணினி: திருப்புளி எடுக்க முதல் ஒரு கொப்பி எடுங்கள்

மாங்குளம் சந்தியில் இருந்து மல்லாவிக்குத் திரும்பும் வீதியில் போட்டோப் பிரதியும் தட்டச்சும் செய்கிற சின்னக் கடை என்னுடையது. கடையின் பழைய கணினி ஒரு சோளகக் காலம் முழுக்க என் உயிரை எடுத்தது. யாருக்காவது விண்ணப்பப் படிவம் முக்கால்வாசி அடித்திருப்பேன், மௌஸ் அப்படியே நின்றுவிடும். கீபோட் கேட்காது. திரையில் மணி 11.42 என்று நிற்கும், சுவர்க் கடிகாரம் 11.50 காட்டும். டவுனில் ஒரு கடைக்கு மூன்று தரம் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். மூன்று தரமும் போர்மற் அடித்து, அதாவது எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தந்தார்கள், மூன்று தரமும் காசு. நாலாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

பிறகுதான் நானே பார்க்கப் பழகினேன். முதலில் செய்த வேலை, கணினிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியை நூலில் கட்டித் தொங்கவிட்டது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் மூன்று விஷயம் எழுதினேன்: எத்தனை மணி, போட்டு எவ்வளவு நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன். ஒரு கிழமையில் கொப்பி பேசத் தொடங்கிவிட்டது. எல்லாம் காலை 11 மணிக்கும் பின்னேரம் 3 மணிக்கும் இடையில். இரவு 8 மணிக்குப் பிறகு ஒரு தடவைகூட இல்லை. என் கடைக்குத் தகரக் கூரை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நிற்கும் அந்த நேரத்திலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கீபோட்டில் நம் லொக் (Num Lock) பட்டனை அமத்திப் பாருங்கள். அதன் லைற் பற்றி அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, ஏதோ ஒரு மென்பொருள்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்தினால் டாஸ்க் மனேஜர் வரும், எது முழுங்குகிறது என்று அதில் தெரியும். லைற் அசையவே இல்லை என்றால் பெரும்பாலும் பிரச்சினை பெட்டிக்குள்ளே: சூடு, ராம் (தற்காலிக நினைவகம்), ஹார்ட் டிஸ்க், கரண்ட். டிரைவர் என்கிற, பாகங்களை இயக்கும் மென்பொருளின் பிழையாலும் அப்படி நிற்கலாம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது புழுதியைத்தான்.

சரி, பெட்டியைத் திறப்போம். பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அமத்திப் பிடித்தால் மிச்சக் கரண்ட் இறங்கும். பக்கத் தகட்டைக் கழற்றியதும் கிரவல் வீதிக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. என் புரொசசரின், அதாவது கணினியின் மூளையான சில்லின், விசிறிக்கும் அதன் கீழே இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் செம்மண் புழுதி கம்பளி மாதிரிப் படிந்திருந்தது. விசிறி சுற்றுகிறது, காற்றுத்தான் கீழே இறங்கவில்லை. வெளியே நின்று பார்க்கிறவன் விசிறி நல்லாயிருக்கு என்றுதான் சொல்வான்.

காய்ந்த பெயின்ற் பிரஷ் ஒன்று போதும். ரயர் கடைக் கொம்பிரசரால் அடிக்கலாமா என்று கேட்பார்கள். அடிக்கலாம், ஆனால் அந்தத் தாங்கிக்குள் தண்ணீர் தேங்கும். முதலில் நிலத்தில் அடித்து ஈரம் வருகிறதா என்று பாருங்கள். அடிக்கும்போது விசிறி இதழுக்குள் ஓர் ஈர்க்கைக் குத்திச் சுற்றாமல் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கண்மண் தெரியாமல் சுற்றி பேரிங் போய்விடும். வீட்டில் தரை கூட்டும் வாக்குவம் கிளீனர் இருந்தாலும் இதற்குக் கொண்டுவராதீர்கள், அதன் குழாயில் நிலைமின் சேரும்.

அப்படியே இன்னொன்றையும் பாருங்கள். பழைய இன்டெல் கணினிகளில் அந்த விசிறி நாலு பிளாஸ்டிக் ஊசிகளால்தான் போர்டில் மாட்டியிருக்கும். குன்றும் குழியுமான வீதியில் பஸ்ஸில் போய் வந்தால் ஒன்று மெல்லக் கிளம்பிவிடும். விசிறி ஒரு பக்கம் சாய்ந்தால் புரொசசரின் சூடு ஏறாமல் என்ன செய்யும்? என்னுடையதில் இரண்டு ஊசி கிளம்பியிருந்தது. போர்மற் அடிக்கக் கொண்டுபோன பயணங்கள்தான் கிளப்பிவிட்டிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

விசிறியைக் கழற்றினால், புரொசசரின் சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் பழசாகி சுண்ணாம்பு மாதிரிக் காய்ந்து கிடக்கும். ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்து, நடுவில் ஒரு பயறளவு புதுப் பேஸ்ட் வைத்து, ஊசிகளைக் குறுக்கு மறுக்காக அமத்துங்கள். அப்புறம் எச்டபிள்யூ மொனிற்றர் மாதிரி ஒரு இலவச மென்பொருளில் வெப்பநிலையைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 40, 50 பாகை, வேலை செய்யும்போது 70, 80 என்றால் கவலையில்லை. 90ஐத் தாண்டி நின்றால் இன்னும் ஏதோ சரியில்லை. 100 பாகையை நெருங்கினால் பெரும்பாலான புரொசசர்கள் தாமே வேகத்தைக் குறைக்கும்.

மாரி காலத்தில் நிற்கிற கணினி வேறு சாதி. வாடைக் காற்றின் ஈரத்தில் ராமின் பொன்னிறப் பற்கள் மங்கிப்போகும். ராமைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளையின் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதித் தட்டிவிட்டு, கிளிக் என்று சத்தம் வரும்வரை திரும்பப் பூட்டுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஒவ்வொரு நாள் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸில் மெமரி டயக்னொஸ்டிக் என்று தேடினால் வருகிற சோதனையையும் ஓட்டலாம். அது பிழை காட்டினால் நம்புங்கள், பிழை இல்லை என்றால் பாதிதான் நம்புங்கள்.

பைல் திறக்கும்போதும் சேமிக்கும்போதும் மட்டும் நிற்கிறதா, பெட்டியின் சின்ன லைற் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறதா, ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்கள். பார்ப்பதற்கு முதல் படங்களையும் ஆவணங்களையும் வேறு இடத்துக்கு எடுத்துவிடுங்கள். பழுதான டிஸ்க்கில் சோதனை ஓட்டி, அதோடு அது செத்துப்போன கதை என் கடையிலேயே நடந்தது, கல்யாணப் படங்கள். டிஸ்க்கின் நலத்தைச் சொல்லும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் மஞ்சள் அல்லது சிவப்புக் காட்டினால் போர்மற் அடித்துப் பயனில்லை, டிஸ்க்கை மாற்ற வேண்டியதுதான். நீலம் என்றால் டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா வயரைக் கழற்றி வேறொன்று போட்டுப் பாருங்கள். சில வேளை அவ்வளவுதான்.

இனிக் கரண்ட். ஒரு ஐயாவின் கணினி பின்னேரத்தில் மட்டும் நிற்கும். பக்கத்து வளவில் வெல்டிங் பட்டறை, அதே லைனில் அரிசி ஆலை. மோட்டர் போடும்போதெல்லாம் வீட்டுக் குண்டு பல்ப் மங்கியது. மின்வேலை தெரிந்த தம்பி மீற்றர் வைத்துப் பார்த்தபோது, 230 வோல்ற் வரவேண்டிய இடத்தில் 180தான் வந்தது. நல்ல பவர் சப்ளை அதைத் தாங்கும், வயதான மலிவுப் பெட்டி தாங்காது. வேறு பவர் சப்ளை ஒன்றை இரவல் வாங்கி மாற்றிப் பார்ப்பதுதான் நேரான வழி. வோல்ற்றேஜைச் சீராக்குகிற வகை யூபிஎஸ் இருந்தால் நல்லது. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள், பிளக் கழற்றிய பிறகும் உள்ளே கொல்லக்கூடிய மின் நிற்கும். பல்லி முட்டை தெரிந்தாலும் திறக்காதீர்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் விண்டோஸ் பக்கம் போவேன். விண்டோஸ் நடந்ததை எழுதிவைக்கும் ஈவென்ட் வியூவரில் 41 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள், கணினி ஒழுங்காக நிறுத்தப்படவில்லை என்பதைத் தவிர அது பெரும்பாலும் வேறொன்றும் சொல்லாது. டிஸ்க் என்ற பெயரில் 7, 153 வந்தால் திரும்ப ஹார்ட் டிஸ்க்குக்குப் போங்கள். புதிதாகப் போட்ட மென்பொருளையும் கிராபிக்ஸ் டிரைவரையும் கழற்றிப் பாருங்கள். அவசியமான டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் சேஃப் மோடில் நாள் முழுக்க நிற்காமல் ஓடினால் போர்மற் அடிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

மதர்போட்டில் நிற்கிற சின்ன உருளைகளின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால் நான் மூடிவிடுவேன். அவை மின்தேக்கிகள். ஈயம் பற்றவைக்கத் தெரிந்தவர் மாற்றித் தருவார், ஆனால் அவர் கேட்கும் காசுக்கு முன்னால் பழைய போர்ட் ஒன்றின் விலையையும் கேட்டுப் பாருங்கள்.