ஒரே பட்டன், இரண்டு தோற்றம்: தட்டை டிசைனும் தத்ரூப டிசைனும் வரைந்து பழகுவோம்

இந்தப் பாடத்தில் ஒரே ஒரு ‘சேமி’ பட்டனை இரண்டு முறை வரையப் போகிறோம். முதலில் ஒற்றை நிறம் பூசிய தட்டை வடிவம். பிறகு ஒளி, நிழல், விளிம்பு எல்லாம் சேர்த்து, தொட்டால் மேடு தட்டும் போலிருக்கும் தத்ரூப வடிவம். திரைகளை வடிவமைக்க உதவும் ஃபிக்மா மென்பொருளின் இலவசக் கணக்கு போதும். ஓவியம் வரையத் தெரிய வேண்டியதில்லை, எனக்கும் தெரியாது.

இரண்டில் எது அழகு என்ற கேள்வியை நாம் தொடப்போவதில்லை. அது முடிகிற சண்டை அல்ல. நமக்கு வேண்டிய கேள்வி வேறு: முதல்முறை பார்ப்பவருக்கு எதை அழுத்த வேண்டும் என்று தெரிகிறதா?

கொஞ்சம் பழங்கதை

2007இல் ஐஃபோன் வந்தபோது, விசைகளே இல்லாத கண்ணாடித் தகட்டைத் தொட்டு வேலை வாங்குவது பெரும்பாலோருக்குப் புதிது. அதனால் டிசைனர்கள் பழகிய பொருள்களைத் திரைக்குள் கொண்டுவந்தார்கள். குறிப்பு எழுதும் செயலி கோடு போட்ட மஞ்சள் காகிதமாக இருந்தது. புத்தகம் படிக்கும் ஐபுக்ஸில் மர அலமாரி. விளையாட்டுகளுக்கான கேம் சென்டரில் சூதாட்ட மேசையின் பச்சைத் துணி. நண்பர்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் செயலியில் தையல் போட்ட தோல்! அந்தத் தையலுக்கு என்ன வேலை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எதிர்ப்பாதையை முதலில் துணிந்து எடுத்தது மைக்ரோசாஃப்ட். 2010இல் வந்த விண்டோஸ் ஃபோன் 7இல் பெரிய எழுத்துகளும் ஒற்றை நிறச் சதுரங்களும்தான். 2013 செப்டம்பரில் ஐஃபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 7 வெளியானபோது ஆப்பிளும் மரத்தையும் தோலையும் கழற்றி எறிந்தது. பட்டன்களின் பெட்டியும் அதோடு போய், பல இடங்களில் நீல எழுத்து மட்டும் மிஞ்சியது. அது பட்டனா, வெறும் சொல்லா என்று பலர் தடுமாறினார்கள். ஆறே மாதத்தில், 2014 மார்ச்சில் வந்த 7.1 பதிப்பில், பட்டன்களுக்கு வடிவம் காட்டும் ஒரு தெரிவை அமைப்புகளுக்குள் வைத்தார்கள். இந்தப் பாடத்தின் பாதி அந்தத் தெரிவுக்குள் இருக்கிறது.

படி 1: மேடை அமைத்தல்

ஃபிக்மாவில் புதிய கோப்பு திறந்து, ஃபிரேம் கருவியால் ஒரு சட்டம் போடுங்கள். அகலம் 360, உயரம் 800. பின்னணி வெள்ளை. அதைப் பிரதி எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். இடது சட்டம் தட்டைக்கு, வலது சட்டம் தத்ரூபத்துக்கு.

படி 2: தட்டை பட்டன்

இடது சட்டத்தில் ஒரு செவ்வகம் வரையுங்கள். அகலம் 312, உயரம் 48, மூலை வளைவு 8. இரண்டு ஓரத்திலும் 24 இடைவெளி விடுங்கள். உயரத்துக்கு 48 எடுத்ததற்குக் காரணம் உண்டு. தொடும் இடம் 48 டிபிக்கு (ஆண்ட்ராய்டு திரையளவின் அலகு) குறையக் கூடாது என்பது ஆண்ட்ராய்டின் பரிந்துரை. திரையில் அது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். ஆப்பிள் கேட்பது அதன் சொந்த அலகில் 44 பாயிண்ட். 48 வைத்தால் இரண்டுக்கும் பொருந்தும்.

நிறத்தை ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) முறையில் 21, 101, 192 என்று கொடுங்கள். நடுவில் ‘சேமி’ என்று வெள்ளையில் எழுதுங்கள், அளவு 16. தட்டை பட்டன் முடிந்தது.

தமிழில் எழுதும்போது ஒரு எச்சரிக்கை. ‘சேமி’யில் மேலே வளைவு இருக்கிறது, ‘நீக்கு’வில் கீழே வால் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு வைத்த வரி உயரத்தில் இவை வெட்டுப்படலாம். 16 அளவு எழுத்துக்கு வரி உயரம் 24 வைத்தால் பெரும்பாலான எழுத்துருக்களில் தப்பித்துக்கொள்ளலாம்.

படி 3: தத்ரூப பட்டன்

அதே பட்டனைப் பிரதி எடுத்து வலது சட்டத்தில் வையுங்கள். இனி செய்வது எல்லாமே ஒரு கற்பனையை நம்பித்தான்: திரைக்கு மேலே ஒரு விளக்கு எரிகிறது. இடப்பக்கமும் இல்லை, வலப்பக்கமும் இல்லை, நேர் மேலே. இதை ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிக்கொண்டாலும் தவறில்லை. தொடக்கநிலையில் கெட்டுப்போகும் தத்ரூப டிசைன்களில் பெரும்பாலானவை, ஒரு பொருளுக்கு மேலிருந்தும் இன்னொன்றுக்குப் பக்கவாட்டிலிருந்தும் ஒளி விழுவதால்தான் கெடுகின்றன.

முதலில் உடம்பு. செவ்வகத்தின் நிறத்தை லீனியர் கிரேடியன்டாக (ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல மாறும் பூச்சாக) மாற்றி, மேல்முனைக்கு 21, 101, 192, கீழ்முனைக்கு 13, 71, 161 கொடுங்கள். விளக்கைப் பார்த்த பக்கம் வெளிச்சம், மற்றது இருட்டு.

இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பளபளப்பு வேண்டும் என்று மேல்முனையை இன்னும் வெளுக்க வைப்பார்கள், 66, 145, 230 என்பது போல. பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் அந்த நீலத்தின் மேல் வெள்ளை எழுத்தின் ஒளிவேறுபாடு (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 3.3 அளவுக்கு விழுந்துவிடும். சாதாரண அளவு எழுத்துக்கு இணைய அணுகல்தன்மை விதிகள் கேட்பது 4.5. நாம் தொடங்கிய நீலத்தில் அது 5.7. ஆகவே தட்டை பட்டனின் நிறத்தையே ஆக வெளிச்சமான புள்ளியாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து இருட்டை நோக்கி மட்டும் இறங்குங்கள்.

அடுத்து விளிம்பு. எஃபெக்ட்ஸ் பகுதியில் ஓர் இன்னர் ஷேடோ (உள்நிழல்) சேருங்கள்: நிறம் வெள்ளை, ஒளிபுகாமை 40 சதவீதம், ஒய் (கீழ்நோக்கிய நகர்வு) 1, மங்கல் 0. மேல் ஓரத்தில் முடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு விழும். இன்னொரு இன்னர் ஷேடோ: கருப்பு, 25 சதவீதம், ஒய் கழித்தல் 2, மங்கல் 0. இது அடி ஓரத்தின் தடிமன். இந்த இரண்டு கோடுகளை வைத்ததுமே பட்டன் எழுந்து உட்கார்ந்துவிடும். கிரேடியன்டைவிட இவைதான் அதிகம் உழைக்கின்றன. நம்பிக்கை இல்லாவிட்டால் எஃபெக்டின் பக்கத்தில் உள்ள கண் குறியை அணைத்து அணைத்துப் பாருங்கள்.

கடைசியாகத் தரையில் விழும் நிழல். டிராப் ஷேடோ: கருப்பு, 30 சதவீதம், ஒய் 3, மங்கல் 6. எக்ஸ் (பக்கவாட்டு நகர்வு) பூஜ்யமாகவே இருக்கட்டும். விளக்கு நேர் மேலே அல்லவா?

ஒரு சின்ன விளையாட்டு. எழுத்தை மறைத்துவிட்டு, பட்டனைத் திரைப்பிடிப்பு எடுத்து, அந்தப் படத்தை 180 பாகை திருப்புங்கள். மேடாக இருந்தது பள்ளமாகத் தெரியும். ஒரு புள்ளி நிறம்கூட மாறவில்லை. ஒளி எப்போதும் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை முடிவு கட்டி வைத்திருக்கிறது. சூரியனைப் பார்த்துப் பழகிய மூளை.

படி 4: அழுத்திய நிலை

மேலே கண்ட பள்ளத்தை இங்கே பயன்படுத்தலாம். தத்ரூப பட்டனைப் பிரதி எடுத்து, வெள்ளைக் கோட்டை நீக்குங்கள். அதற்குப் பதில் கருப்பு இன்னர் ஷேடோ, 25 சதவீதம், ஒய் 2, மங்கல் 4. அடி ஓரக் கோட்டையும் எடுத்துவிடுங்கள். வெளி நிழலை ஒய் 1, மங்கல் 1 என்று சுருக்குங்கள். பட்டன் உள்ளே போய்விட்டது.

தட்டை பட்டனுக்கு 13, 71, 161 என்று நிறத்தை இருட்டாக்குவதோடு சரி.

படி 5: இரண்டையும் ஒரு நிஜத் திரையில் வைத்தல்

தனியாக நிற்கும் பட்டன் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். சுற்றிலும் ஆள் சேர்ந்தால்தான் குணம் தெரியும். இரண்டு சட்டங்களிலும் பட்டனுக்கு மேலே ஒரு தலைப்பு, பெயரும் எண்ணும் எழுத இரண்டு பெட்டிகள், அவற்றுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு குறிப்பு வரி ஆகியவற்றைச் சேருங்கள். சாம்பலுக்கும் எல்லை உண்டு. வெள்ளைப் பின்னணியில் 118, 118, 118 வரை 4.5 கணக்கில் தேறும். 119 ஆனதும் 4.48க்கு இறங்கித் தோற்றுவிடும்.

இப்போது வலது சட்டத்தில், வேண்டுமென்றே, தலைப்புக்கும் பெட்டிகளுக்கும் குறிப்புக்கும்கூட நிழல் வையுங்கள். எல்லாமே திரையை விட்டு மேலே வர முண்டியடிக்கும். பட்டன் கூட்டத்தில் காணாமல் போகும். பிறகு நிழல்களை ஒவ்வொன்றாக எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: இது நகருமா, அழுந்துமா, மற்றொன்றின் மேல் மிதக்குமா? மூன்றும் இல்லையென்றால் அதற்கு நிழல் வேண்டாம். கூகுள் 2014இல் கொண்டுவந்த மெட்டீரியல் டிசைன் என்ற பாணி ஏறக்குறைய இந்த இடத்தில்தான் நிற்கிறது: பரப்பு தட்டையான காகிதம், ஆனால் எந்தக் காகிதம் எதன் மேல் இருக்கிறது என்று நிழல் சொல்லும். 2025இல் ஆப்பிள் அறிவித்த லிக்விட் கிளாஸ் என்ற டிசைன் பாணியில் ஒளியும் விளிம்பும் திரும்பி வந்திருக்கின்றன, இந்த முறை கண்ணாடி வேடத்தில்.

இடது சட்டத்தில் நேர்மாறாகச் செய்யுங்கள். பட்டனின் நீலச் செவ்வகத்தை நீக்கிவிட்டு, ‘சேமி’ என்ற சொல்லை மட்டும் நீலத்தில் விட்டுவையுங்கள். சுத்தமாக, காற்றோட்டமாக இருக்கும். இதே சுத்தத்துக்கு மயங்கி நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ஒரு நிறுவனத்துக்குச் செய்த படிவத்தில் ‘சேமி’யை மேல் வலது மூலையில் வெறும் நீல எழுத்தாக வைத்திருந்தேன். சோதனைக்கு வந்த ஓர் அம்மா பொறுமையாக எல்லாவற்றையும் நிரப்பினார், திரையை மேலும் கீழும் தேடினார், பின்செல்லும் அம்பை அழுத்தினார். எழுதியது அத்தனையும் போயிற்று. “நான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா?” என்று என்னிடம் கேட்டார். அன்று மாலையே அந்தச் சொல்லுக்கு ஒரு பெட்டி கட்டிவிட்டேன்.

படி 6: சோதனை

கணினித் திரையில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஃபிக்மாவின் மொபைல் செயலியில் இரண்டு சட்டங்களையும் திறந்து, முதலில் கையை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். மங்கலிலும் பட்டன் தெரிகிறதா? அடுத்து போனைச் சாம்பல் நிறப் பயன்முறைக்கு மாற்றுங்கள். நிறத்தை மட்டும் நம்பியிருந்த தட்டை டிசைனின் குட்டு இங்கே உடைந்துவிடும்: நீலச் சொல்லும் குறிப்பு வரியும் அண்ணன் தம்பி மாதிரி நிற்கும். பிறகு வெயிலில் கொண்டுபோங்கள். இங்கே தோற்பது பெரும்பாலும் தத்ரூப பக்கம். 25 சதவீத நிழல்களும் ஒற்றைப் புள்ளிக் கோடுகளும் வெளிச்சத்தில் கரைந்து, கிட்டத்தட்ட தட்டை பட்டன்தான் மிஞ்சும். நிறமும் வடிவமும் சரியாக இருந்தால் அதுவே போதும்.

அடுத்த பயிற்சிக்கு ஓர் ஆன்-ஆஃப் ஸ்விட்ச் எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் 52, உயரம் 32; உள்ளே 28 அளவில் ஒரு வட்டம். பாதையைத் தட்டையாகவும் வட்டத்தை மட்டும் தத்ரூபமாகவும் வரையுங்கள். நகர்வது வட்டம்தானே.