பழைய பஸ் இன்ஜினில் ஆயில் ஒழுகினால் எங்கே பார்க்க வேண்டும்?

ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் எடுக்கும்போது, தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஆயில் தேங்கியிருக்கும். "சேம்பர் பேக்கிங் போயிருச்சுண்ணா" என்பார் கிளீனர். இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிதான் சேம்பர்; இணைப்பில் கசியாமல் வைக்கும் அடைப்புதான் பேக்கிங். தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம் எந்தப் பக்கத்துப் பட்டறையிலும் முதலில் வருவது இந்தப் பேச்சுதான். பல நேரம் அது தப்பாகத்தான் இருக்கும்.

ஆயில் சொட்டும் இடம் வேறு, வெளியேறும் இடம் வேறு. இன்ஜின் தலையில் வால்வுகளை மூடியிருக்கும் டாப்பட் கவரில் கசிவது பிளாக் ஓரமாக வழிந்து, சேம்பர் விளிம்பில் சேர்ந்து, ஏதோ ஒரு போல்ட் தலையிலிருந்து கீழே விழும். முன்பக்க இன்ஜின் வண்டியில் ஃபேன் காற்று வேறு அதைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும்.

நான் ஓர் ஆறு சிலிண்டர் வண்டிக்கு இரண்டு முறை சேம்பரைக் கழற்றிப் பேக்கிங் மாற்றினேன். சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறி வந்தால் மறுபடியும் ஈரம். மூன்றாவது முறைதான், இன்ஜினுக்குள் சேரும் கேஸ் வெளியேறும் பிரீதர் குழாயைக் கழற்றினேன். மண்ணும் ஆயிலும் கலந்து களிம்பு போல அடைத்திருந்தது. அதைக் கழுவிப் போட்டதும் ஒழுகல் நின்றது. முதலிலேயே அங்கே பார்த்திருந்தால் அந்த வண்டி இரண்டு நாள் ஓடாமல் நின்றிருக்காது. அதனால்தான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

1. கை வைப்பதற்கு முன்

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் யாரும் படுக்கவே கூடாது.

அப்புறம் ஒழுகுவது எது என்று பாருங்கள். இன்ஜின் ஆயில் கறுப்பாக இருக்கும். கியர் ஆயில் கெட்டியாக, கந்தக வாடையோடு இருக்கும். டீசல் மெலிதாக இருக்கும், வாடையே காட்டிக்கொடுத்துவிடும். டிப் ஸ்டிக்கில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால் டீசலோ தண்ணீரோ ஆயிலில் கலக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் வண்டியை ஓட்டாமல் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

2. கழுவுங்கள், பவுடர் போடுங்கள்

அழுக்கு இன்ஜினில் லீக் தேடுவது வீண் வேலை. இன்ஜின் ஆறிய பிறகு, பிரஷ்ஷில் டீசல் தொட்டு மண்பிசுக்கைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். ஆல்டர்னேட்டரையும் செல்ஃப் மோட்டாரையும் பாலித்தீன் கட்டி மூடுங்கள். சூடாக இருக்கும் டீசல் பம்ப் மேல் பச்சைத் தண்ணீர் அடித்தால் பம்ப் உள்ளே பிடித்துக்கொள்ளும்.

நன்றாகக் காய்ந்ததும், சந்தேகம் இருக்கும் இடமெல்லாம் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஐடிலில் ஓடட்டும். பிறகு இன்ஜினை நிறுத்தி, டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். வெள்ளையில் முதல் கறுப்புக் கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் லீக். ஐடிலில் ஒன்றும் தெரியவில்லை என்றால், ஒரு மேடு ஏறும்படி ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். லோடில் மட்டும் கசியும் இடங்கள் உண்டு.

3. பிரீதர்: இதைத் தாண்டி எந்தப் பேக்கிங்கையும் தொடாதீர்கள்

பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் கேஸ் கீழே இறங்குவது எந்த டீசல் இன்ஜினிலும் இயல்பு. அது வெளியே போகும் வழிதான் பிரீதர். வழி அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்தச் சீல் பலவீனமோ அங்கே ஆயிலை வெளியே தள்ளும். நீங்கள் அந்தச் சீலை மாற்றினால் அடுத்ததில் தள்ளும். மண் ரோட்டில் ஓடும் வண்டிகளுக்கு இந்த அடைப்பு சீக்கிரம் வரும். குழாயைக் கழற்றி டீசலில் ஊறவைத்துக் கழுவி, ஏர் பிடித்து ஊதிப் போடுங்கள்.

கழுவிய பிறகு, ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக ஆவி வந்தால் பரவாயில்லை. குப்குப்பென்று புகை தள்ளினால் அதுதான் பட்டறையில் சொல்லும் பேக் கம்ப்ரஷன். ரிங்கும் சிலிண்டர் லைனரும் தேய்ந்திருக்கலாம். ஆனால் உடனே இன்ஜின் வேலை என்று முடிவுகட்டாதீர்கள். பிரேக்குக்குக் காற்று தரும் ஏர் கம்ப்ரஸர் தேய்ந்தால் அதுவும் சேம்பருக்குள் காற்றைத் தள்ளும். ஏர் டேங்க் நிரம்பி அன்லோடர் வால்வு 'புஸ்' என்று விட்ட பிறகு புகை குறைகிறதா என்று கவனியுங்கள். குறைந்தால் முதலில் கம்ப்ரஸரைப் பாருங்கள். இன்ஜினைப் பிரிப்பதோடு ஒப்பிட்டால் அது சின்னச் செலவு.

4. நீங்களே செய்யக்கூடியவை

டாப்பட் கவரும் சேம்பரும் கசிந்தால் எல்லோரும் செய்வது போல்ட்டை இன்னும் இறுக்குவது. கார்க் பேக்கிங் அதனாலேயே பிதுங்கிக் கிழியும், தகட்டு விளிம்பும் போல்ட் ஓட்டைப் பக்கம் குழிந்துபோகும். கழற்றிய தகட்டைச் சமமான இரும்புப் பலகையில் வைத்து, குழிந்த இடத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டி நேராக்குங்கள். இரண்டு முகத்திலும் பழைய பேக்கிங்கைச் சுரண்டி, எண்ணெய்ப் பசையில்லாமல் துடையுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். பேக்கிங் லேசாக அமுங்கினால் போதும்.

அனபாண்ட் (பேக்கிங் பசை) பூசுவதாக இருந்தால் மெலிதாக. தாராளமாகப் பிதுக்கினால் பாதி உள்ளே விழும். அது ஆயில் பம்ப் ஸ்ட்ரெயினரை (வடிகட்டியை) அடைத்தால், லீக்கை நிறுத்தப் போய் பேரிங்கையே இழப்பீர்கள்.

ஆயில் பைப் முனைகளிலும் டிரெய்ன் பிளக்கிலும் காப்பர் வாஷர் இருக்கும். புதிது கிடைக்காவிட்டால், பழையதைச் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போடுங்கள். செம்பு இளகி மறுபடி உட்காரும். கரியைத் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

5. கிராங்க் சீல்கள்

முன் சீலை மாற்றும்போது, கிராங்க் தண்டில் சீலின் உதடு உரசும் இடத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் புதுச் சீலும் ஒழுகும். அந்த இடத்துக்கு ஸ்லீவ் (மெல்லிய உலோக வளையம்) போட வேண்டும். சீலின் உதட்டில் ஆயில் தடவாமல் உலர்வாக ஏற்றாதீர்கள்.

பின் சீலுக்கு கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அதனால் கிளட்ச் ஹவுசிங் அடியில் சொட்டுவதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டாப்பட் கவரின் பின்மூலையிலிருந்து இறங்கும் ஆயிலும் அங்கேதான் வந்து சேரும். கிளட்ச் பிடிக்காமல் வழுக்கினால் மட்டும் தள்ளிப்போடக் கூடாது. சைலன்சர் மேனிஃபோல்ட் மேலும் டர்போ மேலும் ஆயில் விழுந்தாலும் அப்படித்தான், அது தீப்பிடிக்கிற விஷயம்.

6. வேலை முடிந்த பிறகு

கழிவு ஆயிலை ஓடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். கேனில் பிடித்து, அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுங்கள். அது தோலுக்கும் கெடுதல், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

தினமும் காலையில் இன்ஜின் எடுப்பதற்கு முன் டிப் ஸ்டிக் பார்த்து, எவ்வளவு ஊற்றினீர்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று டிரிப் ஷீட் ஓரத்தில் எழுதி வையுங்கள். அந்தக் கணக்கு போன வாரத்தைவிடக் கூடினால், பவுடர் டப்பாவை மறுபடி எடுத்துக்கொண்டு பானெட்டைத் திறங்கள்.