யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாகி வருகிறீர்களா? கிணற்றடியில் தொடங்குங்கள்

மூன்று வருடங்களுக்கு முன் எனக்கு மட்டக்களப்பில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கிடைத்தது. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நாலு, கூடவே முழங்கால் வலியுள்ள மாமி. கந்தோருக்குக் கிட்ட இருந்தால் போதும் என்று அவசரமாக ஒரு வீட்டைப் பிடித்தோம். எட்டு மாதத்தில் அதை விட்டு வெளியேறினோம். வேலைக்காகக் குடும்பத்தோடு இங்கே வருகிறவர்கள் அந்த எட்டு மாதப் பாட்டைப் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்த வீடு கடல்நீரேரிப் பக்கம் இருந்தது. மாசி மாதம் பார்க்கப் போனபோது கிணற்றில் நல்ல தண்ணீர். ஆவணி வந்ததும் தேத்தண்ணீர் கரித்தது. பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னார்: "பிள்ளை, உந்தக் கிணறு மாரியிலதான் நல்ல தண்ணி. கோடையில நாங்களும் தண்ணிப் பவுசரைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறம்." வாடகை பேசும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மழைத்தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு படையாக நிற்கிறது. கோடையில் இறைக்க இறைக்க அந்தப் படை மெலியும், உப்பு மேலே வரும். அதனால் கிணற்றைப் பார்க்கச் சரியான காலம் ஆவணி, புரட்டாதி. அந்த நேரம் வர முடியாவிட்டால், வீட்டுக்காரரை விட்டுவிட்டு அயலில் இரண்டு வீட்டில் கேளுங்கள்.

உள்ளே, குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்துச் செம்மண் பக்கம் போனால் உப்புத் தொல்லை குறைவு. ஆனால் தோட்டங்களுக்குப் போடும் உரத்தால் சில கிணறுகளில் நைத்திரேற்று என்ற இரசாயனம் கூடியிருக்கும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கொதிக்க வைத்தால் இது போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை 2014, 2015 ஆண்டுகளில் பெரிதாக எழுந்ததும் நினைவிருக்கட்டும். எந்த ஊரானாலும் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். எங்கே கொடுப்பது என்று அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். உங்கள் வளவின் மலசலகூடக் குழியோடு, மதிலுக்கு அங்கால் இருப்பவரின் குழி எங்கே என்றும் பாருங்கள். நகரத்துச் சின்னக் காணிகளில் அது உங்கள் கிணற்றுக்கு மிகக் கிட்ட இருக்கக்கூடும்.

அடுத்தது பள்ளிக்கூடம். முதலாம் ஆண்டு அனுமதியில் பெரும்பங்கு இடங்கள் பள்ளிக்கு அருகில் வசிப்பவர்களுக்கு. ஆனால் நேற்று வந்த வாடகை வீட்டுக்கு அதில் பெரிதாகப் புள்ளி கிடைக்காது. வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் பதிந்திருக்கிறீர்கள், இடையில் வேறு பள்ளி இருக்கிறதா என்றெல்லாம் கணக்கெடுப்பார்கள். அரச உத்தியோகத்தர் என்றால், இடமாற்றம் பெற்று வருபவர்களின் பிள்ளைகளுக்கு என்று தனி வகை இருக்கிறது. அந்த வருடச் சுற்றறிக்கையை வாசித்துவிட்டு விண்ணப்பியுங்கள். பெரிய பெயருள்ள கல்லூரிக்குப் பக்கத்தில் கூடிய வாடகைக்கு வீடு எடுத்துவிட்டு, இடம் கிடைக்காமல் தவித்த குடும்பங்களை எனக்குத் தெரியும். முதலில் அனுமதி, பிறகு வீடு.

சரி, எந்தப் பக்கம்? நல்லூர், கல்வியங்காடு பக்கம் இருந்தால் நகரத்துப் பள்ளிகளுக்கு எல்லாம் சைக்கிளில் போகலாம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதி மூடியிருக்கும், அதற்கு மனம் ஒப்ப வேண்டும். எனக்கு அந்த நாட்கள் பிடிக்கும். திருநெல்வேலியில் சந்தை காலடியில். ஆனால் பல்கலைக்கழக மாணவர்கள் அறை தேடுவதால் வீட்டுக்குப் போட்டி அதிகம். மானிப்பாய்க்குச் சொந்தமாகக் கடைத்தெரு, பள்ளிகள், ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கின்றன, நகரத்துக்கு அடிக்கடி ஓடத் தேவையில்லை. நாங்கள் இப்போது இருப்பது கோண்டாவில். பஸ், ரயில் இரண்டும் உண்டு, பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டோவில் மாமியைச் சுகமாகக் கூட்டிப் போகலாம்.

எங்கே பிடித்தாலும், காலை ஏழு மணிக்கும் மாலை ஆறரைக்கும் அந்த ஒழுங்கையைப் பிள்ளையோடு நடந்து பாருங்கள். கொக்குவில், கோண்டாவில், இணுவில் பக்கம் என்றால் பிள்ளை தண்டவாளத்தைக் கடக்க வேண்டுமா, அந்தக் கடவையில் படலை இருக்கிறதா என்பது முதல் கேள்வி. கோண்டாவிலில் எங்களுக்குப் பிடித்திருந்த ஒரு வீட்டை இதற்காகவே கைவிட்டோம். ரியூசன் முடிந்து வரும் நேரம் வீதி விளக்கு எரிகிறதா, கட்டாக்காலி நாய்கள் எத்தனை என்று எண்ணுங்கள். கார்த்திகையில் ஒழுங்கையில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று முன்வீட்டில் விசாரியுங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் மாரி முடியும்போது டெங்கு வரும்.

வாடகைக்கு விடுகிற பலர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார்கள், சாவி ஒரு சொந்தக்காரரிடம் இருக்கும். தண்ணீர் மோட்டார் பழுதானால் யார் திருத்துவது, திடீரென்று அவர்கள் ஊருக்கு வந்தால் எத்தனை மாத அவகாசம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எங்கள் முதல் வீட்டில் மோட்டார் நின்று, கனடாவில் பகலாகும் வரை காத்திருந்து கதைக்க வேண்டியிருந்தது.

சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் கடைசியாக ஒரு வேலை உண்டு. கிணற்றுக் கட்டு எவ்வளவு உயரம் என்று பிள்ளையைப் பக்கத்தில் நிற்க வைத்துப் பாருங்கள். கோண்டாவில் வீட்டுக் கட்டு மகனின் நெஞ்சளவுதான் இருந்தது. பூட்டுப் போடக்கூடிய கம்பி மூடி செய்து பொருத்திய பிறகுதான் லொறியில் இருந்து சாமானை இறக்கினோம்.