எலி மூளையில் பார்கின்சனின் தொடக்கத்தைப் பிடிப்பது எப்படி

பார்கின்சன் மாதிரியை உருவாக்க, எலியின் ஸ்ட்ரையேட்டத்தில் (அசைவைக் கட்டுப்படுத்த உதவும் மூளைப் பகுதி) ஒரு பக்கம் மட்டும் 6-ஹைட்ராக்ஸிடோபமைன் (டோபமைன் நரம்புச் செல்களைக் கொல்லும் நச்சு) ஏற்றியாயிற்றா? உடனே சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் (அந்த நரம்புகளின் செல் உடல்கள் இருக்கும் நடுமூளைப் பகுதி) செல்களை எண்ண ஓடாதீர்கள். முதலில் அடிவாங்குவது ஸ்ட்ரையேட்டத்தில் உள்ள டோபமைன் நரம்பு முனைகள்தான், செல் உடல்கள் அடுத்தடுத்த வாரங்களில்தான் மெல்லச் சாகும்.

உயிரோடு இருக்கும்போதே சிலிண்டர் சோதனை செய்யுங்கள். சுமார் 20 செ.மீ. விட்டமுள்ள கண்ணாடி உருளைக்குள் எலியை விட்டு, 5 நிமிடம் வீடியோ எடுத்து, எழுந்து நிற்கும்போது எந்த முன்னங்காலைச் சுவரில் ஊன்றுகிறது என்று எண்ணினால் போதும்: ஊசி போட்டதற்கு எதிர்ப்பக்கக் கால் பின்தங்கும். முன்கூட்டியே உருளையைப் பழக்கிவிட்டால் சும்மா உட்கார்ந்துகொள்ளும், கவனம்.

அப்புறம் மூளைச் சீவலில் டைரோசின் ஹைட்ராக்ஸிலேஸ் (டோபமைன் தயாரிக்கத் தேவையான நொதி) சாயம். நல்ல பக்கம் அடர் பழுப்பு, அடிபட்ட பக்கம் வெளிறல். நைக்ராவில் சாயம் ஏறாத செல்லெல்லாம் செத்தது என்று எழுதிவிடாதீர்கள். நொதி மட்டும் குறைந்திருக்கலாம், நியூஎன் (நரம்புச் செல்களை அடையாளம் காட்டும் புரதம்) சாயமும் போட்டுப் பாருங்கள்.