பேச்சு வராத குழந்தையின் மூளை ஒலிக்குத் தரும் பதிலைப் பதிவு செய்வது எப்படி?

மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. அறையில் குழந்தைகளின் தலையில் மின்முனைகள் வைத்த தொப்பி மாட்டிப் பதிவு எடுப்பது என் வேலை. வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஃப்ராஜைல் எக்ஸ், ரெட், ஏஞ்சல்மேன், ஃபீலன்-மெக்டெர்மிட் போன்ற மரபணுக் கோளாறு இருக்கும். பலருக்குப் பேச்சு வராது. 'சத்தம் கேட்டதும் பட்டனை அமுக்கு' என்றெல்லாம் அவர்களிடம் கேட்க முடியாது. ஆனால் ஒரு பீப் ஒலி காதில் விழுந்தால் போதும், மூளை தானாகவே பதில் சொல்லிவிடும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் எதைத் தேடுகிறோம் என்று தெரிய வேண்டும். ஒலி வந்து சுமார் 100 மில்லிவினாடியில் என்1 என்ற அலை எழும். ஃப்ராஜைல் எக்ஸ் உள்ளவர்களிடம் அது வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. அதே ஒலி திரும்பத் திரும்ப வந்தாலும் குறைய வேண்டிய அளவுக்குக் குறைவதில்லை. ஃப்ராஜைல் எக்ஸில் முடங்கிப்போகும் எஃப்.எம்.ஆர்.1 மரபணுவை நீக்கிய எலிகளிலும் இதே போக்குதான். அதனால்தான் மருந்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் இந்த அலையை இவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள். ரெட் சிண்ட்ரோமில் அலைகள் சிறுத்தும் தாமதித்தும் வருகின்றன. 16பி11.2 என்ற குரோமோசோம் பகுதி விடுபட்டவர்களிடமும் தாமதம் தெரிகிறது.

பெரிது, சிறிது, தாமதம். இந்த மூன்றையும் கோளாறே இல்லாமல் அறையும் கருவியும்கூட உண்டாக்கிவிடும். நம் வேலை முழுவதும் அந்த மூன்று வாசல்களையும் அடைப்பதுதான்.

காதிலிருந்து தொடங்குங்கள். ஃப்ராஜைல் எக்ஸ், டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது சகஜம். நீர் இருந்தால் ஒலி மங்கும், அலை சிறுக்கும், தாமதமும் ஆகும். செவிப்பறை எப்படி அசைகிறது என்று காட்டும் டிம்பனோமெட்ரி சோதனையைப் பார்க்காமல் பதிவைத் தொடங்காதீர்கள்.

அடுத்தது நேரக்குறி. கணினி 'இப்போது ஒலி' என்று குறி வைக்கும் கணமும் ஸ்பீக்கரில் உண்மையிலேயே ஒலி வரும் கணமும் ஒன்றல்ல. சவுண்ட் கார்டு பத்து, இருபது மில்லிவினாடி தின்றுவிடும். காற்றில் ஒலி ஒரு மில்லிவினாடிக்கு 34 சென்டிமீட்டர்தான் போகும் என்பதால், ஒரு மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கர் இன்னொரு மூன்றைச் சேர்க்கும். குழந்தையின் தலை இருக்கும் இடத்தில் ஒரு மைக்கை வைத்து, அதன் சிக்னலையும் ஈ.ஈ.ஜி. ஆம்ப்ளிஃபயரிலேயே பதிந்து பாருங்கள். இடைவெளி எப்போதும் ஒரே மாதிரி இருந்தால் கழித்துவிடலாம். ஒவ்வொரு முறையும் மாறினால், பல ஒலிகளின் பதிவுகளைச் சேர்த்து எடுக்கும் சராசரியில் அலை மழுங்கிப்போகும். கணினியை மாற்றினால் மறுபடியும் அளந்தே ஆக வேண்டும்.

இனி தொப்பி. இங்கேதான் பாதிப் பதிவுகள் கெட்டுப்போகின்றன. ஒரு வாரம் முன்பே தொப்பியின் புகைப்படத்தையும் ஒரு துணித் தொப்பியையும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தினமும் சிறிது நேரம் போட்டுப் பழகட்டும். மின்முனைக்கும் தோலுக்கும் நடுவே வைக்கும் ஜெல்லை வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். உச்சந்தலையில் சில்லென்று பட்டால் அன்றைய வேலை அங்கேயே முடிந்தது. முதல் துளியைக் குழந்தையின் புறங்கையில் வைத்து, அதுவே தொட்டுத் தேய்த்துப் பார்க்க விடுவேன். ஃப்ராஜைல் எக்ஸ் குழந்தை என்றால் நேருக்கு நேர் நின்று கண்ணைப் பார்க்க மாட்டேன். பக்கவாட்டில் உட்கார்ந்து காதுப் பக்கத்திலிருந்து தொடங்குவேன். ஃபீலன்-மெக்டெர்மிட் குழந்தைகளில் பலர் வலியை அதிகம் காட்ட மாட்டார்கள். அவர்கள் அழவில்லை என்பதால் தோலை அழுத்தித் தேய்த்துவிடாதீர்கள். முகத்தைப் பார்க்காமல் தோலைப் பாருங்கள், சிவக்கத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். மின்முனைக்கும் தோலுக்கும் இடையிலான மின்தடை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

ரெட் குழந்தைகள் பல்லை நறநறவென்று கடிக்கும்போது தசைச் சத்தம் எல்லாத் தடத்திலும் ஏறிவிடும். அப்போது ஒலியை நிறுத்திக் காத்திருங்கள். மூச்சு வேகமெடுத்தாலும் அப்படியே. ஏஞ்சல்மேன் குழந்தைகளிடம் 2 முதல் 4 ஹெர்ட்ஸ் வரையிலான மெதுவான அலைகள் மிகப் பெரிதாக ஓடும். அவற்றுக்கு அடியிலிருந்து ஒலிப் பதிலைத் தோண்டி எடுக்க நிறைய ஒலிகள் வேண்டியிருக்கும்.

ஒலியைப் பொறுத்தவரை, சிறு குழந்தைகளிடம் என்1-க்கு முன்பு எழும் பி1 அலைதான் ஓங்கித் தெரியும்; என்1 பார்க்க வேண்டுமென்றால் ஒலிகளுக்கு நடுவே ஒரு வினாடிக்கு மேல் இடைவெளி விடுங்கள். சத்தத்தைத் தாங்க முடியாத குழந்தைக்கு மெதுவாகத் தொடங்கி ஏற்றலாம். ஆனால் இறுதியில் எந்த டெசிபெலில் பதிவு செய்தீர்களோ அதைக் குறித்தே ஆக வேண்டும். ஒலி இல்லாத கார்ட்டூன் ஓடட்டும். கண் சொக்கினால் நேரத்தோடு எழுதி வையுங்கள், தூக்கத்தில் அலையின் உருவமே மாறிவிடும். வலிப்பு மருந்தை இதற்காக நிறுத்தச் சொல்லாதீர்கள். பெயர், அளவு, கடைசியாகக் கொடுத்த நேரம் மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் சராசரி. பின்னணி இரைச்சல் ஒலிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலப்படிதான் குறையும். நூறு நல்ல பதிவுகள் இருந்தால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகும், இருபத்தைந்து மட்டும் மிஞ்சினால் ஐந்தில் ஒரு பங்குதான். அசைந்துகொண்டே இருந்த குழந்தையிடம் இருபத்தைந்தும், அமைதியாக இருந்த ஒப்பீட்டுக் குழந்தையிடம் இருநூறும் எடுத்துவிட்டு இருவரின் உச்சியையும் ஒப்பிட்டால், இரைச்சலின் மேடே முதல் குழந்தையின் என்1 அலையைப் பெரிதாகக் காட்டிவிடும். ஃப்ராஜைல் எக்ஸில் நாம் தேடுவதும் அதே பெரிய அலைதான்! அதனால் இருவரிடமும் சம எண்ணிக்கையில் பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சிப் புள்ளிக்குப் பதில் ஒரு நேரச் சாளரத்தின் சராசரி உயரத்தை அளவிடுங்கள்.

பதிவு முடிந்ததும், 'என் பிள்ளைக்கு என்ன தெரிந்தது?' என்று பெற்றோர் கேட்பார்கள். அவர்களுக்கு நேரான பதில் சொல்லுங்கள்: கோளாறு என்னவென்று சொல்வது மரபணுப் பரிசோதனை, இந்த அலைகள் இன்றைக்குக் குழுக்களை ஒப்பிடத்தான் உதவும், ஒரு தனிக் குழந்தையின் எதிர்காலத்தை இதிலிருந்து படிக்க முடியாது. பிறகு நீங்களும் ஒன்று கேளுங்கள்: வீட்டில் எந்தச் சத்தத்துக்குப் பிள்ளை காதைப் பொத்துகிறது, எதற்குச் சிரிக்கிறது? அந்தப் பதிலையும் கோப்பில் எழுதி வையுங்கள். அடுத்த முறை எந்த டெசிபெலில் தொடங்குவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வீர்கள்.