மதிப்பீட்டில் தலையை எண்ணினால் போதாது

குடிநீர்த் திட்டம் ஒன்றை மதிப்பிடப் போனேன். "பயனாளிகளில் பாதிப்பேர் பெண்கள்" என்றது அறிக்கை. நானும் நம்பிவிட்டேன். குழாயடியில் ஒரு அக்கா சொன்னதும்தான் உறைத்தது: "கூட்டத்துல கையெழுத்து மட்டும் போடுவேன் தம்பி, ஒருநாளும் வாயைத் திறந்ததில்ல."

முடிவு யாருடையது, பணம் யார் கையில், வேலைப்பளு யாருக்குக் கூடியது என்று தனித்தனியாகக் கேளுங்கள். நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை செய்ததை மணிவாரியாகச் சொல்லச் சொன்னால் பாதி விடை அதிலேயே கிடைக்கும். கணவரும் மாமியாரும் பக்கத்தில் இருக்கும்போது இதைக் கேட்காதீர்கள். நான் கேட்டு அசடு வழிந்திருக்கிறேன்.

'பெண்கள்' என்று ஒரே மூட்டையாகவும் கட்டாதீர்கள். நிலமில்லாதவர், கணவரை இழந்தவர், மாற்றுத்திறனாளி என ஒவ்வொருவர் கதையும் வேறு. தரவை இப்படிப் பிரித்துத் தரவேண்டும் என்று பணி வரையறையிலேயே (மதிப்பீட்டில் என்னென்ன செய்யவேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுதும் ஆவணம்) எழுதிவிடுங்கள். பிறகு கேட்டால் வராது.

பொருளாதாரக் கூட்டுறவு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி (OECD) 2019-இல் திருத்திய மதிப்பீட்டு அளவுகோல்கள் ஆறு. பாலினச் சமத்துவத்துக்கென்று தனி அளவுகோல் அதில் இல்லை. அதனால் பொருத்தம் முதல் நிலைத்தன்மை வரை ஒவ்வொன்றின் கீழும் "யாருக்கு?" என்று ஒரு கேள்வியைச் செருகிவிடுகிறேன். வரைவு அறிக்கையை அந்த அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினார்.